முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் அறை

ஜனவரி 19, திங்கள்

விடியும்போதே தூறல். குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது. ராகலையில் முதல் பஸ் நிற்கவில்லை, இரண்டாவதில் நின்றபடியே பயணம். தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் இறங்கி ஏறும்போது காலில் அட்டை. உப்பு கொண்டுபோக மறுபடியும் மறந்தாயிற்று.

கோயில் மண்டபத்தில்தான் இன்றும் வகுப்பு. என் தரம் ஐந்து ஒரு பக்கம், செல்வமலர் டீச்சரின் தரம் நான்கு மறுபக்கம். நடுவில் ஒரு பழைய சேலைத் திரை. காற்றுக்கு அது பறந்து பறந்து பிள்ளைகளின் தலையில் விழுகிறது. எங்கள் வகுப்புக் கட்டடத்துக்குப் பின்னால் மண்மேடு. போன மழைக்குச் சுவர் வெடித்துவிட்டது. உள்ளே போகக் கூடாதென்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள்.

வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுகிறார். மண்டபத்தைப் பார்த்தார். மூன்று பக்கமும் திறப்பு, பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

"இப்படி எவ்வளவு நாளைக்கு மிஸ்? ரெண்டு வகுப்பையும் ராகலை டவுன் பாடசாலைக்குச் சேர்த்துவிடுவோம். நீங்க ரெண்டு பேரும் அங்கேயே வாங்க."

எங்கள் பாடசாலை அதிபர் சேர் பழைய பிள்ளைக் காம்பராவைச் சொன்னார். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடமாக இருந்தது. ஆலைக்குப் பக்கத்தில் புதிது கட்டியதும் இதைப் பூட்டிவிட்டார்கள். தோட்டத்தில் கேட்டால் தருவார்கள்.

உத்தியோகத்தர் சொன்ன கணக்கு: பிள்ளைக்கு ஒரு சதுர மீட்டராவது வேண்டும். கதவுக்குப் போகும் வழி மறிக்கக் கூடாது. அடுத்த செவ்வாய் வருவார். சரியாக இருந்தால் கையெழுத்து. இல்லையென்றால் டவுன்.

இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "டவுனுன்னா ஒனக்கு லேசுதானே. நடந்தே போயிட்டு வந்துறலாம்" என்றார். உண்மைதான். அட்டையும் இல்லை, ஏற்றமும் இல்லை. பாண் துண்டைப் பிய்த்துச் சம்பலில் தொட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

மழை இல்லை. வெயில் என்றும் சொல்ல முடியாது.

வாங்க: வெண்கட்டி, உப்பு, இவருக்குக் காலுறை, அம்மாவுக்கு போன் கார்ட்.

செய்தி அதற்குள் லயத்து வீடெல்லாம் போய்விட்டது. ஏறி வரும்போது மல்லிகா மறித்தாள். என் வகுப்பு விதுஷாவின் அம்மா. தலையில் கொழுந்துக்கூடை, நின்று பேச நேரமில்லாத நேரம்.

"டீச்சர், டவுனுக்கு மாத்துறாங்களாமே?"

"இன்னும் முடிவில்லம்மா."

"மாத்துனா நான் அனுப்ப மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. மூத்தவ அப்படித்தான் நின்னா. காலையில பஸ்ஸு ஒருநாளு நிக்கும், ஒருநாளு நிக்காது. சந்தியில தனியா நிக்குறதுக்கு பயந்துகிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்துருவா. நானு பெரட்டுக்குப் போயிருவேன், தெரியாது. கடைசியில ஸ்கூலே வேணாம்னுட்டா."

பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், பேர் கொடுக்க வேண்டும், ஓடினாள். பின்னாலேயே விதுஷா, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. அம்மா பேசியது காதில் விழுந்திருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

நல்ல பிள்ளை. கையெழுத்துத்தான் கோழி கிண்டியது போல. வகுத்தல் என்றால் அழுகை வரும், ஆனால் படம் வரையச் சொன்னால் தலை நிமிராது.

இன்று பரப்பளவு தொடங்க வேண்டிய நாள். புத்தகத்தில் ஒரு தோட்டம், ஒரு நீச்சல் தடாகம். நீச்சல் தடாகம் எங்கள் பிள்ளைகள் கண்ணால் கண்டதில்லை. புத்தகத்தை மூடினேன். "நாளைக்குப் பிள்ளைக் காம்பராவை அளக்கப் போறோம்" என்றேன். கூச்சல். திரைக்கு அந்தப் பக்கம் செல்வமலர் டீச்சர், "ஏன் அங்க மட்டும் கலியாணம்?" என்றார்.

ஜனவரி 21, புதன்

மூடுபனி. பத்து மணிக்குமேல்தான் மலை தெரிந்தது.

இவர் வேலை செய்யும் ஹாட்வெயார் கடையிலிருந்து அளவுநாடா. ஐந்து மீட்டர்தான். "தொலைச்சிராத, மொதலாளி பாத்தா பேசுவாரு."

தோட்டத்தில் கேட்டுச் சேர் சாவி வாங்கி வந்தார். காம்பராவுக்குள் பழைய பால்மா வாசம், ஈரம், எலிப்புழுக்கை. கம்பியில் இன்னும் இரண்டு தொட்டில் கயிறு. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. "நான் இதுலதான் தூங்குனேன்", "நீ தூங்கலை, கத்துன." பாதிப் பேர் இங்கே கிடந்தவர்கள்தாம்.

அறை நீள்சதுரமாக இருந்தால் வேலை லேசு. ஒரு மூலையில் பால் காய்ச்ச ஒரு சின்ன அறை கட்டி, அது உள்ளே துருத்திக்கொண்டு நிற்கிறது. கதவு நீளச்சுவரின் நடுவில்.

நீளச்சுவர் நாடாவைவிட நீளம். ஐந்தில் வெண்கட்டிக் கோடு, அதிலிருந்து மிச்சம். முதல் தரம் எட்டேகால் வந்தது. பிறகு எட்டுக்குக் குறைய. ஒருத்தன் நாடாவைத் தொய்ய விட்டிருக்கிறான், ஒருத்தி கொக்கியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறாள். மூன்றாவது தரம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தார்கள். எட்டு மீட்டர், ஒரு விரல் கூட. எட்டு என்றே வைத்தோம். அகலம் ஆறு. பால் அறை இரண்டுக்கு இரண்டு.

அதற்குள் தரம் நான்கில் யாரோ விழுந்து உதடு வெடித்ததென்று செல்வமலர் டீச்சர் கூப்பிட, நான் ஓடினேன். திரும்பி வருவதற்குள் என் வகுப்பு டிலக்ஷன் கணக்கை முடித்து, போய் அதிபர் சேரிடமும் சொல்லியிருக்கிறான். இருபத்தெட்டு.

இரண்டு வகுப்பும் சேர்த்துப் பிள்ளைகள் முப்பத்தைந்து.

அதிபர் சேர் முகமே விழுந்துவிட்டது. பிளேன்டீ ஆறிப்போயிற்று. "சரி டீச்சர், என்னா செய்றது. வலயத்துக்கு கோல் எடுத்துச் சொல்லிருவோம். வீணா அந்த மனுசன ஏன் ஏத்தி எறக்கணும்." கையில் போன். நல்ல வேளை சிக்னல் இல்லை. மழை மேகம் இருந்தால் எங்களுக்கு எப்போதும் சிக்னல் இல்லை.

டிலக்ஷனின் கணக்குக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். நீளம், அகலம், நீளம், அகலம் எல்லாம் கூட்டியிருக்கிறான். சுற்றளவு! சதுர மீட்டர் என்று கீழே அழகாக எழுதி, கோடும் போட்டிருக்கிறான். "சேர், போனை வைங்க" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். சேர் பயந்து வைத்துவிட்டார்.

ஜனவரி 22, வியாழன்

இளம் வெயில். மண்டபத்துப் படியில் உட்கார்ந்து கற்பித்தேன்.

டிலக்ஷனைத் திட்டவில்லை. அவன் பிழையிலிருந்தே தொடங்கினேன். "வேலி போடுறதுக்கு எது வேணும்? சாணி மெழுகுறதுக்கு எது வேணும்?" வேலி சுற்றளவு, மெழுகுவது பரப்பளவு. அவனே தலையில் அடித்துக்கொண்டான்.

சதுரக்கோட்டுக் கொப்பியில் அறையை வரையச் சொன்னேன். ஒரு கட்டம் ஒரு சதுர மீட்டர். பாதிப் பேர் முழுப்பெட்டியையும் எடுத்து, நாற்பத்தெட்டில் பால் அறையின் நான்கைக் கழித்தார்கள். மற்றவர்கள் குறுக்கே கோடு போட்டு இரண்டு துண்டாக்கி, முப்பத்திரண்டும் பன்னிரண்டும் கூட்டினார்கள். இரண்டு கட்சிக்கும் நாற்பத்து நான்கு. "எங்களதப் பாத்து எழுதுனீங்க" என்று சண்டை. இரண்டு வழியில் போனாலும் ஒரே சந்தி என்றேன், ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தது நான் எதிர்பாராதது. டிலக்ஷன் விடவில்லை. "டீச்சர், நேத்து பால் ரூமை நான் வுட்டுட்டேன். அதச் சேத்து வேலி போட்டா எவ்வளவு?" எழுந்து போய் நாடாவோடு அறையைச் சுற்றி அளந்துவிட்டு வந்தான். மறுபடியும் இருபத்தெட்டு. பிழை என்றார்கள். இன்னொருத்தி அளந்தாள். இருபத்தெட்டேதான்.

மூலையை வெட்டினால் தரை குறைகிறது, வேலி குறையவில்லை! பிள்ளைகள் கொப்பியில் எண்ணி எண்ணிப் பார்க்கிறார்கள். வெட்டின இடத்தில் போன இரண்டும் உள்ளே மடங்கி நிற்கிறது என்று விதுஷா விரலால் காட்டினாள். எனக்குத் தெரிந்த கணக்குத்தான், ஆனாலும் இன்று புதிதாக இருந்தது. வீட்டுக்கு வந்து சம்பல் இடிக்கும்போதுகூட அதே நினைப்பு.

சேரிடம் 44 ச.மீ. என்றதும், "அப்ப மிச்சமே இருக்கே!" என்று இன்னொரு பிளேன்டீ சொன்னார்.

செல்வமலர் டீச்சர்தான் கேட்டார். அந்த மனுஷி எப்போதும் சரியான இடத்தில் கைவைப்பார். "பிள்ளைங்கள நிக்கவா வைக்கப்போறீங்க? மேசையப் போட்டுப் பாத்தீங்களா?"

ஜனவரி 23, வெள்ளி

மழை. மழை. மண்டபத்தின் ஒரு பக்கம் முழுதும் நனைந்துவிட்டது. திரையை அவிழ்த்து இரண்டு வகுப்பும் ஒரே மூலையில்.

மேசை பதினெட்டு. ஒரு வகுப்புக்கு ஒன்பது, மேசைக்கு இரண்டு பேர். என்னிடம் பதினேழு பிள்ளைகள்தான், ஆகவே டிலக்ஷன் தனியே. மேசையும் உட்காரும் வாங்கும் சேர்த்து அகலம் ஒரு மீட்டர் இருபது, ஆழம் ஒரு மீட்டர். பழைய கலண்டரின் பின்பக்கத்தில் அறையை வரைந்தோம். ஒரு மீட்டருக்கு ஐந்து செ.மீ. பிஸ்கட் பெட்டியை வெட்டிப் பதினெட்டுத் துண்டு. கோடு போட அடிமட்டம் மூன்றுதான் இருந்தது, அதற்கும் அடிபிடி.

இரண்டு வகுப்பும் முதுகுக்கு முதுகு. இந்தச் சுவரில் ஒரு கரும்பலகை, அந்தச் சுவரில் ஒன்று. அதுவரை சரி. ஒன்பது என்றதும் எல்லோரும் மூன்று மூன்றாக மூன்று வரிசை வைத்தார்கள். வரிசைக்கு ஒரு மீட்டர், பலகைக்கு முன் ஒரு மீட்டர். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. எட்டு மீட்டரும் தீர்ந்தது. நடுவில் இரண்டு பின்வரிசையும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கதவைத் திறந்தால் நேரே வாங்கு.

பரப்பளவு போதும், வழி இல்லை. நாற்பத்து நான்கு இருந்து என்ன.

மேசையைத் திருப்பினோம், சுவரோடு ஒட்டினோம், பலகையைக் கதவுப் பக்கம் மாற்றினோம். ஒன்றும் சரிவரவில்லை. எனக்கே அலுத்துவிட்டது. பிள்ளைகள் மெல்ல மெல்லக் கலண்டரை விட்டு மழையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

விதுஷா மட்டும் குந்தியிருந்தாள். ரொம்ப நேரம் ஒன்றையும் தொடவில்லை. பிறகு என்னிடமில்லை, துண்டுகளிடம் கேட்பதுபோல:

"ஒம்பதுன்னா மூணு மூணாத்தான் வைக்கணுமா? மூணும் நாலும் ரெண்டும் ஒம்பதுதானே?"

எங்கள் வகுப்பு இருக்கும் பால் அறைப் பக்கம் ஒடுக்கம், அங்கே மூன்று. அடுத்த வரிசை அகலம், அங்கே நான்கு. மிச்சம் இரண்டைக் கதவுக்கு எதிர்ச்சுவரோடு தள்ளினாள். தரம் நான்குக்கு நான்கு, நான்கு, மிச்சம் ஒன்று அதே சுவரோடு. கதவுக்கு முன்னால் வெறும் கலண்டர். பெரிய வெள்ளை இடம், பிள்ளைகள் வரிசையாக நிற்கலாம்.

நான் துண்டுகளை எண்ணினேன். பதினெட்டும் இருந்தன. செல்வமலர் டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, "அடியே!" என்றார். அவ்வளவுதான். விதுஷா ஏதோ பிழை செய்துவிட்டவள்போலத் துண்டுகளைக் கலைக்கப் போனாள். ஐந்தாறு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உடனே பசை பூசி ஒட்டினோம்.

ஜனவரி 25, ஞாயிறு

உடுப்பு காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி இவருடைய காற்சட்டை. வீடெல்லாம் புகை வாசம்.

உருளைக்கிழங்கு பிரட்டல் நன்றாக வந்தது. இவர் இரண்டு தரம் போட்டுக்கொண்டார். கலண்டரை அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத மட்டும் அந்த ஆளு ஒத்துக்கலைன்னா அவன் கண்ணுலதான் கோளாறு" என்றார். பிறகு, "அப்ப இனியும் ஏறப்போற" என்றார்.

"ஏறுவேன்."

"சரி. குடையக் குடு, கம்பி மாத்திட்டு வாறேன்."

ஜனவரி 27, செவ்வாய்

பனி. விரல் மரத்தது. உத்தியோகத்தர் சொன்னபடியே வந்தார்.

கலண்டரைச் சுவரில் மாட்டியிருந்தோம். அவர் முதலில் அதைப் பார்க்கவில்லை. தன் நாடாவை எடுத்து அறையை அளந்தார். பிள்ளைகள் கதவில் கும்பல், ஒவ்வொரு அளவுக்கும் உதடு அசைகிறது. எட்டு. ஆறு. இரண்டு, இரண்டு. டிலக்ஷன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான், தனக்கே தெரியாமல்.

பிறகுதான் கலண்டர். வெகுநேரம்.

"இது யாரு செஞ்சது மிஸ்? நீங்களா?"

"பிள்ளைங்க சேர்."

நம்பவில்லை போல. விதுஷாவைக் கூப்பிட்டார். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இங்க ஏன் மகள் மூணு மேசை? அடுத்ததுல நாலு?"

"பால் ரூமு இடிக்குது சேர். நாலு வச்சா ஒன்னு பால் ரூமுக்குள்ள போயிரும்."

"நாளைக்குப் புதுசா ஒரு பிள்ளை வந்தா?"

யோசித்தாள். "டிலக்ஷன் தனியாத்தான் சேர் இருக்கான். அவன் பக்கத்துல ஒக்கார வைக்கலாம்."

"ரெண்டு பிள்ளை வந்தா?"

அதற்கு அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இன்னொரு மேசை வைக்கலாம். கதவுக்கு முன்னுக்கு இருக்கற எடம் கொஞ்சம் கொறையும். வழி மறிக்காது."

"ஹரி, ஹரி" என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினார். எல்லோரும் கை தட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர் கையைத் தூக்கினார்.

"டொய்லட் எங்க?"

படத்தில் அது இல்லை. ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். காம்பராவுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, கூரையில்லை, குழாயில் தண்ணீரில்லை. அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எனக்கும் பிள்ளைகளை டவுனுக்கு அனுப்ப விருப்பம் இல்லை மிஸ். ஆனா இது இல்லாம கையெழுத்து வைக்க ஏலாது. திங்கட்கிழமைக்குள்ள செஞ்சா போட்டோ எடுத்து அனுப்புங்க."

போகும்போது திரும்பி வந்து கலண்டரைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அதிபர் சேர் உடனே தோட்டத் தலைவரைத் தேடிப் போனார். மாலைக்குள் பதில்: தோட்டத்தில் தகரமும் குழாயும் தருவார்கள், வேலை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை எல்லோரும் கூடிச் சிரமதானம்.

ஜனவரி 31, சனி

வெயில்! இந்த மாதத்தில் முதல் நல்ல வெயில்.

யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். நாளைக்குத் தைப்பூசம், வீட்டில் ஆயிரம் வேலை. போனால் எனக்கு முன்னமே ஆட்கள். ஆண்கள் கூரையில். பெண்கள் அறையைக் கழுவி, பழைய பால்மா வாசத்தை விரட்டிவிட்டார்கள். தொட்டில் கயிறுகளை யாரோ அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். யார் வீட்டிலிருந்தோ பெரிய சட்டியில் ரொட்டி, கட்டச் சம்பல், வாளியில் தேத்தண்ணி. மூன்று ரொட்டி சாப்பிட்டேன். நான்கு.

மல்லிகா மூத்த மகளையும் கூட்டி வந்திருந்தாள். உயரமான பிள்ளை. நிலத்தில் வெண்கட்டியால் மேசை வரும் இடங்களை விதுஷா குறித்துக்கொண்டு போக, அவள் நாடாவின் மறுமுனையைப் பிடித்தாள். ஓரிடத்தில் அக்கா, "இது கோணலா இருக்கு" என்றாள். தங்கச்சி ஏற்கவில்லை. அக்கா கொப்பி மட்டையின் மூலையைச் சுவருக்கும் கோட்டுக்கும் நடுவில் வைத்துக் காட்டினாள். கோணல்தான். அழித்துவிட்டு வரைந்தார்கள்.

மல்லிகா வாளியோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டும் ஒன்னா சண்டை புடிச்சு எம்புட்டு நாளாச்சி" என்றாள், என்னிடம்.

போட்டோ அனுப்பினோம். சிக்னலுக்காக அதிபர் சேர் கோயில் மேட்டில் ஏறி நின்றார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனை உயர்த்திப் பிடித்தபடி. சனிக்கிழமையிலும் உத்தியோகத்தர் பதில் போட்டார். ஒரே சொல்: ஹரி.

இடுப்பு நோகிறது. நல்ல நோவு.

பெப்ரவரி 2, திங்கள்

தூறல். புதுக் கம்பி போட்ட குடை. உப்பு கொண்டுபோனேன், ஓர் அட்டையும் வரவில்லை.

பதினெட்டு மேசையும் உள்ளே. வெண்கட்டிக் கோட்டில் அப்படியே உட்கார்ந்தன. பால் அறைப் பக்கத்து மூன்று மட்டும் கொஞ்சம் நெருக்கம், பருத்த பிள்ளை நடுவில் உட்கார முடியாது. மாற்றி உட்கார வைத்தேன். மல்லிகா பெரட்டுக்குப் போகும் வழியில் கதவில் எட்டிப் பார்த்து, விதுஷாவைக் கண்டதும் கூடையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

முதுகுக்கு முதுகு கற்பிப்பது லேசில்லை. அந்தப் பக்கம் ஏழாம் வாய்பாடு ஓடுகிறது. இந்தப் பக்கம் நான் பின்னம் சொல்கிறேன். தரம் நான்கில் ஒருத்தி ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்றதும், என் வகுப்பு முழுக்கத் திரும்பி "அம்பத்தாறு!" என்று கத்தியது. செல்வமலர் டீச்சர் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

கடைசிப் பாடம் இரண்டு வகுப்புக்கும் சேர்த்து. வடிவங்கள். சும்மா கேட்டேன்: "இந்த அறைக்கு எத்தனை மூலை?"

நான்கு என்றார்கள். ஐந்து. ஆறு. சத்தம் கூரைக்குப் போயிற்று. ஒவ்வொரு மூலையிலும் போய் நில்லுங்கள் என்றேன். ஐந்து பேர் ஐந்து மூலையில் ஒடுங்கி நின்றார்கள். ஆறாவது, பால் அறையின் நீட்டிக்கொண்டிருக்கும் முனை. தரம் நான்குப் பொடியன் ஒருவன் அதில் முதுகைச் சாய்த்து நின்றான். அவனுக்கு முதுகு குத்துகிறது.

"இது மூலை இல்ல டீச்சர். மூலைன்னா ஒளியலாம். இதுல ஒளிய முடியாது."

"மூலைதான்! ரெண்டு சுவரு சேருதுல்ல?"

"உள்ளுக்கு இருந்து பாத்தாத்தான் மூலை."

"பால் ரூமுக்குள்ள போய்ப் பாரு, அங்க இருந்து மூலை!"

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். உள்ளே ஒளிந்துகொள்ள முடிகிறது. இன்னும் பெரிய சண்டை. செல்வமலர் டீச்சர் ஐந்து கட்சி. நான் ஆறு. அதிபர் சேர் சத்தம் கேட்டு வந்து, என்ன ஏதென்று கேட்டு, சுவரைத் தடவிப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

மணி அடித்ததை ஒருவரும் கேட்கவில்லை. பஸ் போய்விட்டது. நடந்தே வந்தேன்.